புரூஸ் வில்லிஸின் தொண்டை பெர்லினில் இருக்கிறது

ஜெர்மன்காரர் ஒருவரிடம் ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கனத்த குரல், அடித்தொண்டையில் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அலட்சியமாகக் கீழே போட்டுவிட்டுப் போகும் ஒரு தோரணை என்று சொல்வார். வருணனை துல்லியமானது. ஆனால் அவர் சொல்வது வில்லிஸுக்கு ஜெர்மனில் டப்பிங் பேசும், 1945 ஜனவரி 29 அன்று பெர்லினில் பிறந்த மான்ஃப்ரெட் லேமானை. வில்லிஸின் சொந்தக் குரல் இதைவிட மெலிந்தது, கொஞ்சம் மூக்கும் கலந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள்.

டப்பிங் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் ஒரு கருத்து சுற்றிக்கொண்டே இருக்கிறது: நட்சத்திரம்தான் அசல், டப்பிங் பேசுபவர் நகல். லேமானின் தொழில் வாழ்க்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே இந்தக் கருத்து ஆட்டம் காண்கிறது. 2025 ஆகஸ்டில் பெர்லின் நீதிமன்றம் ஒன்று அவர் தொடுத்த வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அதை ஒட்டவைத்து நிறுத்துவதும் கடினம். ஆனாலும் கேள்வி முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. கேட்கிறவர்கள் அந்தக் குரலை வில்லிஸின் முகத்தோடுதானே நினைவில் வைத்திருக்கிறார்கள்? அப்படியானால் அதில் லேமானுக்குச் சொந்தமானது எது?

முதலில் நடிகர்

லேமானைக் குரலாக மட்டும் அறிந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பார்கள். 1980களில் சுவிஸ் தயாரிப்பாளர் எர்வின் டீட்ரிக் பணம் போட, இத்தாலிய இயக்குநர் அன்டோனியோ மார்கெரிட்டி எடுத்த கூலிப்படைப் படங்கள் மூன்று உண்டு. 1984, 1985, 1988 என்று வரிசையாக வந்தவை. மூன்றிலும் ஆங்கிலேய நடிகர் லூயிஸ் காலின்ஸ் நாயகன், மூன்றிலும் லேமான் திரையில் இருக்கிறார். முதல் இரண்டில் ஜெர்மன் நடிகர் கிளவுஸ் கின்ஸ்கியும் உண்டு. காடு, ஹெலிகாப்டர், நிமிடத்துக்கு ஒரு வெடி என்கிற ரகம். கலைப்படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீடியோ கேசட் கடைகளுக்காகவே பிறந்தவை. கின்ஸ்கியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு காரணத்துக்காக வருவார்.

இந்த வகைக் கூட்டுத் தயாரிப்புகளில் நான்கைந்து நாட்டு நடிகர்கள் ஆளுக்கொரு உச்சரிப்பில் பேசுவார்கள். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலியை யாரும் பெரிதாக நம்புவதில்லை. பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பேசிச் சேர்ப்பார்கள். அதாவது உதடு ஒரு இடத்தில், குரல் இன்னொரு இடத்தில் என்பது அங்கே டப்பிங் அறைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை, படம் எடுக்கும் முறையே அதுதான். ஜெர்மனியில் டப்பிங்கை மேடைப் பயிற்சி பெற்ற நடிகர்கள் செய்வதுதான் நெடுநாள் வழக்கம். அதனால் அங்கே அந்தத் துறையினர் பலர் தங்களை 'ஸ்பீக்கர்', அதாவது வெறுமனே பேசுபவர், என்று அழைப்பதை ரசிப்பதில்லை. நடிகர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

1988-ல் 'டை ஹார்ட்' வந்தபோது வில்லிஸ் நடித்த நாயகன் ஜான் மெக்ளேனுக்கு லேமான் பேசினார். வில்லிஸுக்கு அவர்தான் என்பது அதிலிருந்து ஊரறிந்த விஷயமாகிப்போனது. பிரெஞ்சு நடிகர் ஜெரார் டெபார்டியூவுக்கும் நீண்ட காலமாக அவர்தான் குரல். கர்ட் ரஸ்ஸலுக்கும் டால்ஃப் லுண்ட்கிரனுக்கும் பல படங்களில் பேசியிருக்கிறார். வில்லிஸும் டெபார்டியூவும் உடம்பாலும் மொழியாலும் நடிப்பு முறையாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவர்கள். ஒரே தொண்டை இருவருக்கும் பொருந்துகிறது என்றால் அது எப்படி இருவரின் நகலாகவும் இருக்க முடியும்?

டேக்குக்குள் நடப்பது

ஜெர்மன் டப்பிங்கின் அடிப்படை அலகு டேக். ஒன்றோ இரண்டோ வாக்கியம், பெரும்பாலும் பத்து விநாடிக்குள். படம் முழுவதையும் இப்படி நறுக்கி எண் போட்டுவிடுவார்கள். பழைய நாட்களில் ஒவ்வொரு டேக்கின் பிலிம் துண்டையும் தலையும் வாலும் ஒட்டி லூப்பாக்கிப் புரொஜெக்டரில் ஓட விடுவார்கள், சரியாக வரும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டன். ஆனால் நறுக்கும் முறை மாறவில்லை, ஏனென்றால் சம்பளமே டேக் கணக்கில்தான்: ஸ்டூடியோவுக்கு வந்ததற்கு ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் பேசிய டேக் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு.

வசனம் இரண்டு கை மாறி வருகிறது. முதலாமவர் அர்த்தம் பிசகாமல் ஒரு கச்சா மொழிபெயர்ப்பைத் தருகிறார். அதில் உதட்டைப் பற்றிய கவலை இல்லை. இரண்டாமவர் அதை வாய்க்கு ஏற்றபடி திருப்பி எழுதுகிறார். ப, ம ஒலிகள் வரும் இடங்களில் திரையில் உதடு மூடித் திறந்தாக வேண்டும். க்ளோஸப்பில் உதடு மூடியிருக்க வசனத்தில் 'ஆ' ஒலித்தால் பார்வையாளருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். தூரக் காட்சியிலும் முதுகு காட்டும் காட்சியிலும் இந்தக் கட்டாயம் இல்லை, எழுதுபவர் அங்கேதான் மூச்சு விடுகிறார். மெக்ளேனின் புகழ்பெற்ற வசவான 'மதர்ஃபக்கர்' ஆங்கிலத்தில் நாலு அசை. ஜெர்மனில் 'ஷ்வைனபாக்கெ' (பன்றிக் கன்னம்), அதுவும் நாலு அசை, கடைசி அசையில் அதே 'க்'. வசவின் காரம் போய்விட்டது, தாளம் நின்றது. டப்பிங்கில் பல நேரம் இதுதான் பேரம். அதே படத்தில் வில்லன் கூட்டத்தையும் ஜெர்மன் பதிப்பு தொட்டிருக்கிறது: அசலில் ஹான்ஸ், கார்ல் என்று அப்பட்டமான ஜெர்மானியர்களாக இருந்தவர்கள் ஜெர்மன் திரையில் ஜாக், சார்லி ஆனார்கள்.

அறையில் நடிகரோடு இருப்பவர்கள் மூவர்: டப்பிங் இயக்குநர், ஒலிப்பதிவாளர், ஒத்திசைவைக் கவனிக்கும் எடிட்டர். நடிகர் அசலை ஹெட்போனில் ஒன்றிரண்டு தடவை கேட்கிறார், பிறகு பேசுகிறார். முன்பெல்லாம் காட்சியில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நின்று பேசுவார்கள். இப்போது எல்லோரும் தனித்தனி, எதிராளி பேசியது என்ன தொனியில் என்று இயக்குநர் சொல்லித்தான் தெரியும். பெரிய படங்களில் இன்னொரு தொல்லை. திருட்டுப் பிரதிக்குப் பயந்து திரையை முழுக்கக் கறுப்பாக்கி, பேசுபவரின் வாயை மட்டும் ஒரு ஓட்டை வழியாகக் காட்டுவார்கள். அவர் ஓடுகிறாரா, படுத்திருக்கிறாரா, கையில் துப்பாக்கி இருக்கிறதா என்று ஊகித்துப் பேச வேண்டும்.

டை ஹார்ட் போன்ற படத்தில் கஷ்டமான பகுதி வசனமே இல்லை, மூச்சுதான். வெளிநாட்டுப் பதிப்புகளுக்கென்று தயாரிப்பாளர் அனுப்பும் டிராக்கில் இசையும் சத்தங்களும் மட்டுமே இருக்கும். துப்பாக்கி இருக்கும், கண்ணாடி உடையும் ஓசை இருக்கும். மெக்ளேன் வெறுங்காலோடு அந்தக் கண்ணாடி மேல் நடக்கும்போது விடும் முனகல் இருக்காது. அது வசன டிராக்கோடு போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு இரைப்பும், அடி வாங்கும்போது வரும் 'ஹக்'கும் புதிதாகப் பேசப்பட வேண்டும். இதில் சில்லறைத் தவறுகள் நிறைய. நின்ற இடத்தில் நின்றபடி இரைத்தால் மாடி ஏறியவனின் இரைப்பாகக் கேட்காது. வயிற்றுத் தசை வேலை செய்திருக்க வேண்டும். அலறல் டேக்குகளை அன்றைய வேலையின் கடைசிக்குத் தள்ளிவைக்காவிட்டால் தொண்டை கம்மி, பிறகு பேசும் அமைதியான காட்சிகள் வேறு ஆள் பேசியதுபோல் ஆகிவிடும். மைக்குக்கு மிக நெருங்கிப் பேசினால் அடிநாதம் கூடி அழகாக இருக்கும், ஆனால் திரையில் அந்த ஆள் இருபது அடி தள்ளி நிற்பார்.

நேரம் பிசகுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிவிநாடி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுகொள்ளத் தொடங்குவார்கள். பிந்தினால் 125 வரை கண்டுகொள்ள மாட்டார்கள். உலகில் எப்போதும் ஒளிக்குப் பிறகுதான் ஒலி நம்மை வந்தடைகிறது, மூளை அதற்குப் பழகியிருக்கிறது. அதனால் சந்தேகம் வந்தால் எடிட்டர் வசனத்தை ஒரு ஃபிரேம் தள்ளித்தான் வைப்பார், முன்னால் இழுக்க மாட்டார்.

போகிற போக்கில் ஒன்று. ஜெர்மன் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடியவை. 24-ல் எடுத்த படத்தை அப்படியே 25-ல் ஓட்டினால் நான்கு சதவீதம் வேகம் கூடும், இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிடம் குறையும், சரிசெய்யாவிட்டால் குரலும் முக்கால் அரைச்சுரம் போல உயரும். வீட்டில் கேசட் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கும் லேமான், நிஜ லேமானைவிடச் சற்று மேல் சுருதியில் பேசியவர். அப்படியும் அது கனத்த குரலாகத்தான் கேட்டிருக்கிறது.

முகம் இல்லாமலும் விலைபோன குரல்

ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே குரல் என்பது ஜெர்மனியில் வழக்கம்தான், சட்டம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் விநியோக நிறுவனம் புதிதாக ஆள் போடலாம். 1995-ல் டை ஹார்ட் மூன்றாம் பாகம் வந்தபோது மெக்ளேனுக்குப் பேசியவர் தாமஸ் டானெபெர்க். அவரும் சாதாரண ஆள் இல்லை. ஸ்வார்ஸ்நெகருக்கும் ஸ்டாலோனுக்கும் ஜெர்மனில் ஒரே குரலாக இருந்தவர். ஆக, திரையில் வில்லிஸ், காதில் ராக்கியும் டெர்மினேட்டரும். தொழில்திறனில் டானெபெர்க்கின் வேலையில் குறை காண முடியாது. ஆனால் ஜெர்மன் ரசிகர்கள் அந்தப் பாகத்தை இன்றும் 'குரல் மாறிய பாகம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அசல் முகம் அப்படியே இருந்தும் ஏதோ ஒன்று இல்லாமல் போயிற்று என்று உணர்ந்தார்களே, அந்த ஒன்று வில்லிஸிடம் இருந்ததில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது, எனக்கு அதுதான் அதிக வலுவாகப் படுகிறது. பிராக்டிகர் என்ற வீட்டு மராமத்துச் சாமான் கடைச் சங்கிலி பல ஆண்டுகள் 'எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் தள்ளுபடி, பிராணிகளின் தீனியைத் தவிர' என்று விளம்பரம் செய்தது. அதைச் சொன்னது லேமான். வில்லிஸின் படம் எங்கும் இல்லை, படத்தின் இசை இல்லை. விற்கப்பட்ட சரக்கு துரப்பணமும் பெயின்டும். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் விறைப்பில்தான் அந்த விளம்பரமே நின்றது. நாய்த்தீனியைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக யாரும் பேசியதில்லை. நிறுவனம் 2013-ல் திவாலானது. வாசகம் இன்றும் ஜெர்மானியர் வாயில் கேலியாகப் புழங்குகிறது, அதைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வில்லிஸுக்குப் பேச்சிழப்பு நோய் வந்திருப்பதாக 2022 மார்ச்சில் குடும்பத்தார் அறிவித்தார்கள்; அடுத்த ஆண்டு அது மூளையைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா என்று தெரிந்தது. நடிகர் விலகிவிட்டார், ஜெர்மன் குரல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடக் கொடூரமான நிரூபணம் வேண்டாம்.

2025 ஆகஸ்ட்

தீர்ப்புக்கு வருமுன் ஒரு பழைய வழக்கை ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' முதல் மூன்று பாகங்களில் ஜாக் ஸ்பாரோவுக்கு ஜெர்மனில் பேசியவர் மார்கஸ் ஆஃப். மூன்றுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 18,000 யூரோ அளவில். படங்கள் கோடிகளை அள்ளின. ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தில், படைப்பு எதிர்பாராத அளவு சம்பாதித்தால் கலைஞருக்குக் கூடுதல் பங்கு கேட்க வழிசெய்யும் ஒரு பிரிவு உண்டு. அதை வைத்து வழக்குப் போட்டார். முக்கியப் பாத்திரத்துக்கு டப்பிங் பேசுவது படத்தில் அற்பமான பங்களிப்பு என்று ஒதுக்க முடியாது என்று 2012 மே 10 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்காம் பாகத்தில் ஸ்பாரோவுக்கு அவர் பேசவில்லை. 2011-ல் வெளியான அந்தப் பாகத்தில் ஜானி டெப்பின் வழக்கமான குரலான டேவிட் நாத்தான் பேசினார்.

ஆஃப் ஜெயித்தது பதிவான நடிப்பின் பேரில். அவர் பேசிய ஒலி இருந்தது, அது விற்கப்பட்டது, அதில் பங்கு. லேமானின் வழக்கில் அந்தப் பிடிமானமே கிடையாது. யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் தன் அரசியல் வீடியோக்கள் இரண்டில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய, லேமானை அச்சாக ஒத்த குரலைப் பின்னணியில் ஓட விட்டார். அந்த வாக்கியங்களை லேமான் ஒருபோதும் பேசவில்லை. பேசாததில் நடிப்பும் இல்லை, பதிவும் இல்லை. பதிப்புரிமை வழுக்கி விழும் இடம் இது. எஞ்சியிருந்தது ஆளுமை உரிமை ஒன்றுதான்: ஒருவரின் முகத்தையும் பெயரையும் போலவே குரலும் அவரோடு ஒட்டியது, கேட்காமல் எடுத்துக் காசாக்கக் கூடாது என்பது.

இந்த எண்ணம் புதிதில்லை. நகைச்சுவைக் கலைஞர் ஹைன்ஸ் எர்ஹார்ட் 1979-ல் இறந்த பிறகு ஒரு வானொலி விளம்பரத்தில் அவரைப்போலப் பேசும் மிமிக்ரி ஆளைப் பயன்படுத்தினார்கள். 1989-ல் ஹாம்பர்க் உயர் நீதிமன்றம் வாரிசுகள் பக்கம் நின்றது. எர்ஹார்ட் பேசியது எர்ஹார்டாக. லேமான் ஊரறியப் பேசியது மெக்ளேனாக. அந்த வேறுபாட்டில்தான் என் மனசு சிக்கிக்கொண்டது. வீடியோவைக் கேட்பவர் 'அட, புரூஸ் வில்லிஸ்!' என்றால், பறிபோனது யாருடைய அடையாளம்?

2025 ஆகஸ்ட் 20 அன்று பெர்லின் மாநில நீதிமன்றம் லேமானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குரலை மனிதர் பாவனை செய்தாலும் இயந்திரம் செய்தாலும் தலையீடு ஒன்றுதான். கேட்பவர்களில் கணிசமானோர், லேமான் இதற்கு இணங்கிப் பேசியிருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு. நையாண்டிச் சுதந்திரம் என்ற வாதம் எடுபடவில்லை. நையாண்டி செய்ய அந்தக் குறிப்பிட்ட குரல் தேவைப்படவில்லை, பார்வையாளரை இழுக்கத்தான் தேவைப்பட்டது, சேனல்காரரின் ஆன்லைன் கடைக்கும் அந்த வீடியோக்களிலிருந்து வழி போயிற்று. இழப்பீட்டுக் கணக்கு எளிமையானது: முறைப்படி கேட்டிருந்தால் லேமான் எவ்வளவு வாங்கியிருப்பார்? வீடியோவுக்கு 2,000 யூரோ, இரண்டுக்கு 4,000, அதோடு வழக்கறிஞர் செலவு.

தொகை சிறியது என்று கேலி செய்பவர்கள் கணக்கின் அடிப்படையைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். விலை வைக்கப்பட்டது லேமானின் சந்தை மதிப்பை வைத்து. அந்த மதிப்பின் பெரும்பகுதியை வில்லிஸின் படங்கள் உண்டாக்கின என்பது உண்மைதான். ஆனால் தச்சர் யாருடைய வீட்டுக் கதவைச் செய்து பேர் வாங்கினார் என்று பார்த்து அவர் கையை வீட்டுக்காரருக்கு எழுதிவைப்பதில்லையே. பாத்திரம் விநியோகஸ்தருக்கு, முகம் வில்லிஸுக்கு. மூச்சை எங்கே நிறுத்துவது, கடைசிச் சொல்லை எவ்வளவு கீழே போடுவது என்பது லேமானுக்கு.

பத்து ஆண்டும் ஒரு தாளும்

இப்போது கின்ஸ்கி. அவர் 1991-ல் இறந்தார். அவர் பெயரில் பதிவான ஓர் இணைய முகவரியைப் பற்றிய வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், ஆளுமை உரிமையின் பணமதிப்புள்ள பகுதி இறப்புக்குப் பிறகு பத்து ஆண்டு மட்டுமே நிற்கும் என்று சொல்லிவிட்டது. வாரிசுகள் தோற்றார்கள். இணைய முகவரிக்கு அந்தக் கால அளவு நியாயமாக இருந்திருக்கலாம். டானெபெர்க் 2023 செப்டம்பர் 30 அன்று காலமானார். அந்தக் கணக்கைக் குரலுக்கும் அப்படியே போட்டால் 2033-ல் ஸ்டாலோனின் ஜெர்மன் குரலை எந்தக் கடைக்காரரும் செயற்கையாகப் பேசவைத்துத் துரப்பணம் விற்கலாம். எர்ஹார்ட் வழக்கும் இறந்து பத்து ஆண்டுக்குள் முடிந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அன்னியர் களவாடினால் நீதிமன்றம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால்? ஜெர்மன் ஸ்டூடியோவில் வேலை முடிந்து கிளம்பும்போது நடிகர் ஒரு தாளில் கையெழுத்திடுவது வழக்கம். தேதி, படம், பாத்திரம், டேக் எண்ணிக்கை, தொகை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் உரிமை மாற்றம். பதிவை எல்லா ஊடகத்திலும் எல்லாக் காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பழைய வாசகம், படம் வெளிவர அது வேண்டியதுதான். இப்போது பார்க்க வேண்டியது மூன்று தனித்தனி அனுமதிகள் அதற்குள் ஒன்றாகக் கரைந்திருக்கின்றனவா என்று: பதிவைக் கொண்டு மென்பொருளுக்குப் பயிற்சி தருவது, அந்தக் குரலில் புதிய வாக்கியம் உருவாக்குவது, இவ்விரண்டு உரிமையையும் மூன்றாம் ஆளுக்கு மாற்றிக்கொடுப்பது. முதலாவதை மட்டும் அனுமதித்துவிட்டு மற்ற இரண்டும் நடக்காது என்று நம்புவதில் பயனில்லை. பயிற்சி பெற்ற மென்பொருள் ஒருமுறை தயாராகிவிட்டால் அதிலிருந்து ஒருவரின் ஒலியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

லேமான் அந்த வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம், ஸ்டூடியோ முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொள்ளும். பின்னணிக் கூட்டத்தில் ஐந்து டேக் பேச வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அடித்தால், அடுத்த வாரம் அந்த ஐந்து டேக்குக்கு வேறு ஒருவரைக் கூப்பிடுவார்கள்.